என் பங்கு லத்தீன்

ஹார்ல்டன், லங்காஷயர்
14 ஜனவரி 1936

பெர்னார்டுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையை அம்மா அடுப்பில் போடுவதற்கு முன்னால் உறையின் பின்பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். லிவர்பூலில் ஏதோ மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறாய் என்று தெரிந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்கவும் இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு முன் வரிசையில் தறி ஓட்டும் எட்னா பில்லிங்கை உனக்கு ஞாபகம் இருக்கும். நவம்பர் கடைசியில் அவளுடைய தறியிலிருந்து நாடா தெறித்து வெளியே வந்துவிட்டது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் பாய்கிற அந்தக் கட்டைக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கூர் உண்டு. வலது கண் போய்விட்டது. நாடா வெளியே வராமல் தடுக்கிற காப்புக் கம்பி ஆறு வாரமாக உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தோம். இப்போது மேனேஜர் எண்ட்விசில் அவள் வீட்டுக்கே வந்து ஒரு காகிதத்தை நீட்டி, “கையெழுத்துப் போடும்மா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்கிறார்.

தொழிற்சங்கச் செயலாளர் நிமோனியாவில் கிடக்கிறார். எங்கள் தறிக் கூடத்தில் சங்கத்து வேலையைப் பார்ப்பவள் நான் என்பதால் காகிதம் என் கைக்கு வந்தது. வின்னிக்குப் படிக்கத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ‘இனட்வர்டன்ஸ்’, ‘ரிலிங்க்விஷ்’, ‘இர்ரெவகபிள்’ என்று மூன்று சொற்கள் என்னைப் பார்த்து முறைக்கின்றன. நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அதைவிடப் பெரிதாக இரண்டு சொல்லைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புகிறது. ஓரத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ‘லத்தீன்’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

லத்தீன் நம் வீட்டுச் சாமான் ஆயிற்றே! பன்னிரண்டு வருடம் நீ சாமியாராவதற்குக் குருமடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாய். அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் இங்கே நாலு தறி ஓட்டிப் பணம் அனுப்பினேன். குருப்பட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எழுந்து போய்விட்டாய். போனது போகட்டும். ஆனால் அந்த லத்தீனில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கை அனுப்பு.

வினிஃப்ரெட்


லிவர்பூல்
17 ஜனவரி 1936

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிடங்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன். நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அகராதி மாதிரி அர்த்தம் சொல்ல மாட்டேன். சொல்லைப் பிரித்துக் காட்டுகிறேன். ஒரு தறியைக் கழற்றிப் போட்டால் அதில் உனக்குத் தெரியாத பாகம் ஒன்று உண்டா? இதுவும் அப்படித்தான்.

‘இர்ரெவகபிள்’ என்பதை எடுத்துக்கொள். முன்னால் நிற்கும் ‘இர்’ உண்மையில் ‘இன்’. இல்லை என்று பொருள். பக்கத்தில் ரகரம் வந்ததால் நாக்குக்கு வசதியாக ‘இர்’ ஆகிவிட்டது. ‘ரெ’ என்றால் திரும்ப. ‘வொகாரே’ என்றால் கூப்பிடுவது. கடைசியில் இருக்கும் ‘ஏபிள்’ உனக்கே தெரியும். இப்போது கூட்டிப் பார். திரும்பக் கூப்பிட முடியாதது. எட்னா கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்தை அவள் எத்தனை கத்தினாலும் திரும்பக் கூப்பிட முடியாது.

‘ரிலிங்க்விஷ்’ என்றால் பின்னால் விட்டுவிட்டுப் போவது. வழக்குப் போடும் உரிமையை விட்டுவிடுகிறாள்.

‘இனட்வர்டன்ஸ்’: ‘இன்’ இல்லை. ‘அட்’ ஒரு பக்கமாக. ‘வெர்தெரே’ திரும்புவது. அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தது. அதாவது, வேலையின் பக்கம் அவள் புத்தி திரும்பவில்லை, அதனால்தான் கண் போயிற்று என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போட விடாதே.

உன் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. ‘என் பங்கு’ என்று எழுதியிருக்கிறாய். பங்கு எதற்கு? முழுவதும் உன்னுடையதுதான்.

பெர்னார்ட்


ஹார்ல்டன்
2 பிப்ரவரி 1936

பெர்னார்ட்,

எட்னா கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எண்ட்விசில், “யாரு உனக்கு இதப் படிச்சுச் சொன்னது?” என்று கேட்டாராம். “வின்னிதான். அவ ஒவ்வொரு சொல்லையும் மீன் வெட்டுற மாதிரி வெட்டி வெச்சுட்டா” என்றாளாம் இவள். சங்கத்து வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ அனுப்பியது என் மண்டையை விட்டு இறங்கவில்லை. எங்கள் கூடத்தில் நானூறு தறி அடிக்கிற இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் கேட்காது, எல்லாமே வாயசைப்பில்தான் என்று உனக்குத் தெரியுமே. அடுத்த தறி லெட்டி மார்ஷிடம் ‘இர்-ரெ-வொக்-ஏபிள்’ என்று வாயை அகலத் திறந்து ஒவ்வொரு துண்டாக அசைத்துக் காட்டினேன். அவள் அடுத்தவளிடம் காட்டினாள். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் கிழக்குச் சுவர் வரை போய்விட்டது. அங்கேயிருந்து ஒருத்தி, “அப்போ வோக்கல்னாலும் கூப்புடறதுதானா?” என்று வாயசைத்துத் திருப்பி அனுப்புகிறாள்! சத்தமே இல்லாமல் ஒரு பள்ளிக்கூடம்.

பிறகு நானே ஒன்று பிடித்தேன். ‘போர்ட்’. அகராதியில் பார்த்தேன், தூக்கிச் செல்வது என்று போட்டிருக்கிறது. தறியின் பக்கப் பலகையில் சாக்கட்டியால் எழுதி வைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் ஆளுக்கொன்றாக வந்து சேர்ந்தன. ரயில்வே போர்ட்டர். டிரான்ஸ்போர்ட். ரிப்போர்ட் என்றால் நடந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவது. எக்ஸ்போர்ட் என்றால் வெளியே தூக்கிப் போவது. பெர்னார்ட், இருபத்திரண்டு வருடமாகத் துணி மூட்டைகளின் மேல் அந்தச் சொல்லைத் தினமும் பார்க்கிறேன். மூட்டையில் ஒட்டிய ஏதோ பூச்சி மாதிரிதான் இத்தனை நாள் அது எனக்கு. இன்றைக்குத்தான் வாய் திறந்து பேசியது.

லெட்டி, “சனிக்கிழமையானா என் வீட்டுக்காரர சாராயக்கடைலேர்ந்து நான்தான் இம்போர்ட் பண்ணணும்” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் அனுப்பு.

வின்னி


லிவர்பூல்
8 பிப்ரவரி 1936

அன்புள்ள வின்னி அக்கா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கிடங்கில் என் வேலை, இழுப்பறைகளின் மேல் இருக்கும் லத்தீன் பெயர்களைப் படித்து மருந்தை எடுத்துக் கொடுப்பது. இத்தனை வருடப் படிப்புக்கு அதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குருமடத்தில் வேற்றுமை உருபுகளை மழை நாளில் வாத்து கத்துவது போலக் கூட்டமாக ஒப்பித்தோம். ஒருவனாவது ஒரு போர்ட்டரைப் பார்த்துச் சிரித்ததில்லை. நீங்கள் ஒரே சாப்பாட்டு நேரத்தில் போன தூரத்துக்கு நாங்கள் மூன்று வருடம் எடுத்துக்கொண்டோம்.

இதோ உன் கூடத்துக்கு. ‘மனு’ என்றால் கை, ‘ஃபாக்’ என்றால் செய்வது. மானுஃபாக்சர், கையால் செய்தது. உங்கள் ஆலையில் கை செய்வது எவ்வளவு, நீராவி செய்வது எவ்வளவு என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்பெக்’ என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்டர், ஸ்பெக்டக்கிள்ஸ், சஸ்பெக்ட். ‘வொகாரே’வின் பிள்ளைகுட்டிகளும் நிறைய. அட்வகேட் என்றால் பக்கத்தில் வந்து நிற்கக் கூப்பிடப்பட்டவர். புரொவோக் என்றால் வெளியே வாடா என்று கூப்பிடுவது. நாம் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறோமே, வொகாபுலரி, அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். முன்னால் ‘இன்’ நின்றால் இல்லை என்று எடுத்துக்கொள், பெரும்பாலும் தப்பாது.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. ‘வொகேஷன்’. தேவ அழைத்தல். அதைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் இன்றைக்கு எழுதவில்லை.

பெர்னார்ட்


ஹார்ல்டன்
27 பிப்ரவரி 1936

பெர்னார்ட்,

நன்றாக இருக்கிறது உன் லத்தீன்.

நம் வக்கீலுக்கு எண்ட்விசில் எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டினார்கள். ‘திருமதி பில்லிங் பதினேழு ஆண்டுகளாக எங்களுக்கு ஓர் இன்வேல்யுபிள் தொழிலாளி’ என்று அதில் ஒரு வரி. இன், இல்லை. வேல்யு, மதிப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. சாப்பாட்டு நேரத்தில் லெட்டியையும் இன்னும் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குள் போனேன். “பதினேழு வருஷம் ஒழைச்சு ஒரு கண்ணையும் குடுத்தவள மதிப்பில்லாதவன்னு எழுத உங்களுக்குக் கை கூசலயா?” என்று கேட்டேன்.

மனிதர் முதலில் முழித்தார். பிறகு புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, “ஏப்பா, இங்க வந்து இந்தம்மா இங்கிலீஷக் கேளு” என்றார். குமாஸ்தா அகராதியைக் கொண்டுவந்து சத்தமாகப் படித்தான். நான் அங்கேயே நின்று கேட்டேன். என் பின்னால் ஆறு பேர் நின்று கேட்டார்கள்.

இப்போது மேஸ்திரிகள் என்னைப் ‘புரொஃபசர்’ என்று கூப்பிடுகிறார்கள். இன்று காலை தறிப் பலகையில் நான் எழுதியிருந்ததை லெட்டி தன் ஏப்ரனால் துடைத்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்துகொண்டு பாதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மீதியை விட்டுவிட்டாய். பாதியில் விடுவது உனக்கென்ன புதிதா?

வினிஃப்ரெட்


லிவர்பூல்
2 மார்ச் 1936

அன்புள்ள அக்கா,

தப்பு என்னுடையது. ‘பெரும்பாலும் தப்பாது’ என்று எழுதியபோது அந்தச் சின்னஞ்சிறு ‘பெரும்பாலும்’ என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். ஆறு பேர் முன்னால் நின்றது நீ.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பாகங்களை நீ சரியாகத்தான் பிரித்தாய். ‘இன்’ இல்லை, ‘வேல்யு’ மதிப்பு, எல்லாம் சரி. கடைசியில் இருந்த ‘ஏபிள்’ மட்டும் கோபத்தில் கைநழுவிவிட்டது. மதிப்புப் போட முடியாதது. தராசில் வைத்தால் தராசு தோற்றுப்போகிறது. எண்ட்விசில் அதை வாய்ப்பேச்சுக்கு எழுதினார். நீ அந்தச் சொல்லை நிஜமாக நினைத்து, அதற்காகச் சண்டைக்குப் போனாய். இரண்டு பேரில் யார் அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்தது? இன்னும் ஒரு எச்சரிக்கை. ‘இன்’ சில சமயம் ‘உள்ளே’ என்றும் வரும். எங்கள் கிடங்கில் ஈதர் ஜாடிகளில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். தீப்பிடிக்காது என்று நினைத்துக் குச்சியைக் கிழித்தால் கிடங்கே இருக்காது.

இனி, பாதியில் விட்டதைப் பற்றி. நீ கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கடைசி வருடத்தில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் இருந்து பழக. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர் படுத்திருந்தார். சாமியார் வருவதற்குள் நான் லத்தீனில் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, “தம்பி, நீ சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. உனக்காவது புரியுதா?” என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அக்கா. அடிவேர் வரை புரிந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான் அதற்குள் இல்லை. அது எனக்கு அந்த நிமிடம் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு பூசை வைக்க நின்றால் அது பொய்யாக இருந்திருக்கும்.

இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். வந்தேன். ஸ்டேஷனிலிருந்து மில் வாசல் வரை நடந்து வந்தேன். தலையெல்லாம் பஞ்சோடு நீ வெளியே வந்தாய், எட்னாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். மடத்தை விட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. அந்த ரயிலில் ஏறினேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

பெர்னார்ட்


ஹார்ல்டன்
20 ஏப்ரல் 1936

பெர்னார்ட்,

ஏழு வாரமாக எழுதவில்லை. முதல் வாரம் கோபம். அதற்குப் பிறகு கோபம் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தை லெட்டியிடம் காட்டினேன். படித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை என் தறிப் பலகையில் ‘இன்வேல்யுபிள்’ என்று இரண்டு எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தது. இப்போது கூடம் முழுக்க அதுதான் வசவு. “ஏ இன்வேல்யுபிள், அந்த நூல் கண்டை எடு!” சாக்கட்டி மறுபடியும் தீர ஆரம்பித்துவிட்டது.

ஆனால் இன்றைக்கு நான் எழுதுவது வேறு. ஜூன் பதினொன்றாம் தேதி வழக்கு. எனக்குச் சாட்சிக்கு ஓலை வந்திருக்கிறது. எட்னா தறியைப் பார்க்காமல் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள், அதனால் குற்றம் அவளுடையது என்று மில் பக்கம் சொல்லப் போகிறார்களாம். பழைய ‘இனட்வர்டன்ஸ்’தான்.

அவள் பேசியது என்னோடு.

நான்தான் கூப்பிட்டேன். என் தறி அவளுக்கு நேர் பின்னால். எட்டி அவள் தோளைத் தட்டி, மேஸ்திரியின் புதுத் தொப்பியைப் பற்றி ஒரு கேலி சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அறுந்த இழையைப் பார்க்கத் தறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். நடுவில் எத்தனை விநாடி? மூன்றா, ஐந்தா? ஐந்து மாதமாக எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எட்னா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

லெட்டியிடம் மட்டும் சொன்னேன். “கேட்டா சொல்லு. கேக்கலன்னா வாய மூடிக்க” என்கிறாள். நீ சொல். சொன்னால் எட்னா தோற்றுப்போவாளா?

வின்னி


லிவர்பூல்
22 ஏப்ரல் 1936

அக்கா,

சொல்லிவிடு. கேட்டாலும் சொல், கேட்காவிட்டாலும் சொல். ஆனால் அதற்கு முன் எட்னாவிடம் சொல். வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று நான் நாலு வருடம் இருந்து பார்த்துவிட்டேன். உனக்கு அது வேண்டாம்.

வரிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள். முதலில் எது நடந்தது, அடுத்து எது. பெரிய சொல் வந்தால் பயப்படாதே, பிரித்துப் பார். மீதியை உன் மூளை பார்த்துக்கொள்ளும். என் லத்தீனைவிட எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை.

பெர்னார்ட்


ஹார்ல்டன்
12 ஜூன் 1936

பெர்னார்ட்,

எட்னா பக்கம் தீர்ப்பாகிவிட்டது. ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம்கூட இல்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கால் வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வின்னி


லிவர்பூல்
14 ஜூன் 1936

அன்புள்ள வின்னி அக்கா,

ஏதோ சொன்னாயா? என்ன சொன்னாய் என்று நான் சொல்கிறேன். நான் அங்கே இருந்தேன். கிடங்கில் ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு கூண்டில் ஏறினாய். மில் தரப்பு வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அந்தச் சமயத்துல திருமதி பில்லிங் உங்க பக்கம் திரும்பிப் பேசிட்டிருந்தாங்க, இல்லையா?” என்றார். மறுப்பாய் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது.

“பேசினாங்க ஐயா. நான்தான் கூப்பிட்டேன். மேஸ்திரியோட தொப்பியப் பத்தி ஒண்ணு சொன்னேன். சிரிச்சாங்க” என்றாய்.

நம் பக்கத்து வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் எட்னாவைப் பார்த்தேன். அவள் அசையவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முன்பே சொல்லிவிட்டாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

வக்கீலுக்கு வெல்லம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. “அப்படின்னா இது இனட்வர்டன்ஸ்தானே? சாட்சிக்கு அந்த வார்த்தை புரியுதா, இல்ல சின்ன வார்த்தையா பாத்துக் கேக்கட்டுமா?” என்றார். முன்வரிசையில் சிரித்தார்கள்.

“புரியுதுங்க. மூணு துண்டு. ‘இன்’னா இல்ல. ‘அட்’னா ஒரு பக்கமா. ‘வெர்ட்’னா திரும்புறது. தறிப் பக்கம் திரும்பாம இருந்தாள்னு சொல்றீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா அது நடக்காத காரியம் ஐயா. என் தறி அவளுக்கு நேர் பின்னால. என்னோட பேசணும்னா தறிக்கு முதுகு காட்டணும்.” நீதிபதியின் பக்கம் திரும்பினாய். “நீங்கதான் தறின்னு வெச்சுக்குங்க, தப்பா நெனைக்காதீங்க.” அவருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாய். ஒரு நீதிபதிக்கு முதுகு காட்டி யாரும் நிற்பதை நான் பார்த்ததில்லை. “இப்படி நின்னு நான் பேசிட்டிருக்கேன். இப்ப உங்க நாடா பாஞ்சு வந்தா எனக்கு எங்க படும்?”

அந்த மனிதர் தன்னை அறியாமல் கையைத் தூக்கித் தன் பின்மண்டையைத் தொட்டார், அக்கா. கோர்ட்டு முழுக்கப் பார்த்தது.

“அதான். பேசி முடிச்சிட்டுத் தறிப் பக்கம் திரும்பிட்டா. அப்புறம்தான் நாடா வந்துச்சு. இனட்வர்டன்ட்டா இருந்திருந்தா இன்னிக்கு அவளுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும். வேலையப் பாத்துட்டிருந்ததாலதான் கண்ணு போச்சு. திரும்பிப் பாக்காதது யாருன்னா, ஆறு வாரமா ஒடஞ்சு தொங்கின கம்பியப் பாக்காதவங்கதான்.”

நீதிபதி எழுதினார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருடம் நல்ல ஆசான்களிடம் படித்தேன். அவர்களில் ஒருவரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் ஒரு மனுஷிக்கு நியாயம் வாங்கித் தந்ததில்லை. நான் அதைப் புத்தகத்தில் கிடந்த இடத்திலேயே பார்த்திருந்தேன். அது எழுந்து நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடக்க வைத்தது நீ. என் அக்கா அது என்று முன்னால் இருந்த குண்டு மனிதரிடம் சொன்னேன். அவர், “அப்படியா? நீங்களும் மில்லுலதான் வேலையா?” என்றார்.

வெளியே வந்தபோது இருபது பெண்கள் உன்னைச் சூழ்ந்து நின்றார்கள். நடுவில் நுழைய எனக்கு என்ன யோக்கியதை என்று ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

பெர்னார்ட்


ஹார்ல்டன்
21 ஜூன் 1936

பெர்னார்ட் தம்பி,

நீ எழுதித்தான் எனக்கே தெரிய வேண்டுமா, நீ வந்திருந்தது? நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் போன கடிதத்தில் அதை எழுதவில்லை. நீதிபதிக்கு முதுகு காட்டித் திரும்பினேனே, அப்போது கடைசி வரிசை முழுக்க எனக்கு நேர் எதிரே இருந்தது. குண்டு மனிதரின் தோளுக்கு மேலே இரண்டு காது நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காதுகளை நீ குழந்தையாக இருந்தபோதே கழுவிவிட்டவள் நான். உன்னைப் பார்த்ததும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது எப்படியோ விலகியது. அதற்குப் பிறகு நான் நீதிபதியிடம் பேசவில்லை, உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு சரளமாக வந்தது. பிறகு வெளியே வந்து தேடினால் ஆளைக் காணோம். லெட்டி, “ஒன் தம்பி மறுபடியும் எக்ஸ்போர்ட் ஆயிட்டான் போலருக்கு” என்றாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எங்கள் கூடத்துத் தறி ஒவ்வொன்றுக்கும் புதுக் காப்புக் கம்பி போட்டார்கள். எட்னா வந்து நின்று பார்த்தாள். பொய்க்கண் இன்னும் பொருந்தவில்லை, துணியால் மறைத்திருக்கிறாள். “வின்னி, அன்னிக்கு அந்தத் தொப்பிக் கதைய நீ முழுசாச் சொல்லவே இல்லயே” என்றாள். சொன்னேன். நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்து மாடியில் சொற்களுக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்று இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மேஸ்திரிகள். நடத்தப் போகிறவள் நான். நீ வந்தால் பின்னால் உட்காரலாம். நான் ‘ஏபிள்’ எதையாவது விட்டுவிட்டால் கையைத் தூக்கு.

உன் மார்ச் மாதக் கடிதத்தையும் இப்போது வந்த கடிதத்தையும் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். நிறுத்து என்று சொல்லவில்லை.

பிறகு, “ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவானா?” என்றாள்.

“வரமாட்டாம்மா” என்றேன்.

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

“சாப்பாட்டுக்காவது வருவானா?”

பன்னிரண்டே காலுக்கு ஒரு ரயில் வந்து நிற்கிறது. பூசை முடிந்து தெரு முழுக்க ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. பின்சந்து வழியாக வராதே. தெருவோடு நடந்து வா. முன்கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

வின்னி அக்கா